பாசிட்ரானின் ஆற்றல் எதிர்மறையா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். எலெக்ட்ரானைச் சார்பியலோடு சேர்த்து விவரிக்கும் டிராக் சமன்பாட்டைத் தீர்த்தால் எதிர்மறை ஆற்றல் தீர்வுகளும் வருகின்றன. அவைதான் எலெக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகளான பாசிட்ரான் என்கிறார்கள். அப்படியானால் பாசிட்ரானின் ஆற்றல் எதிர்மறையா? அது காலத்தில் பின்னோக்கிப் போகிறதா? தேர்வில் எப்படி எழுதுவது?

பதில்: பாசிட்ரானின் ஆற்றல் நேர்மறைதான். வேகம் குறைந்து ஏறக்குறைய நின்றுவிட்ட எலெக்ட்ரானும் பாசிட்ரானும் சேர்ந்து அழியும்போது, பெரும்பாலும் தலா 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் உள்ள இரண்டு காமா ஃபோட்டான்கள் எதிரெதிராகக் கிளம்பும். பெட் ஸ்கேன் கருவி பிடிப்பது இந்த ஜோடியைத்தான். பாசிட்ரானின் ஆற்றல் எதிர்மறை என்றால் கணக்கு பூஜ்யத்தில் முடியும். ஸ்கேனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

சரி, கழித்தல் குறி எங்கிருந்து வந்தது? சார்பியல் நமக்குத் தருவது ஆற்றலின் வர்க்கத்தை. மூலம் எடுத்தால் இரண்டு குறியும் வரும், குவாண்டத்தில் ஒன்றை மட்டும் தூக்கி எறிய முடியாது. எதிர்மறை நிலைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிய கடல், அதில் விழும் ஓட்டை நேர்மின் துகள் என்று 1930-இல் டிராக் சமாளித்தார். அந்த ஓட்டையை முதலில் புரோட்டான் என்றே நினைத்தார். நிறை ஒத்துவரவில்லை, 1931-இல் புதிய துகள் என்றார். கடலை வரலாறாக மட்டும் படியுங்கள். ஒரு நிலையில் ஒரு துகள்தான் இருக்கலாம் என்பது பவுலி விதி; அதற்குக் கட்டுப்படாத பையான் என்ற துகள்களுக்கும் எதிர்த்துகள் உண்டே, அங்கே கடல் எப்படி நிரம்பும்?

இன்றைய விளக்கம் இதுதான்: அந்தக் குறி, அலையின் கட்டம் காலத்தோடு எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைச் சொல்கிறது. துகள்களைப் புலத்தின் கிளர்வுகளாகப் பார்க்கும் புலக் கோட்பாட்டில் ஒருபக்கச் சுழற்சியோடு எலெக்ட்ரானை அழிக்கும் ஆபரேட்டர் வரும், மறுபக்கச் சுழற்சியோடு பாசிட்ரானை உருவாக்கும் ஆபரேட்டர் வரும். எது நடந்தாலும் மின்னூட்டம் ஒரே அளவு கூடும்; அதனால்தான் இரண்டும் ஒரே புலத்துக்குள் இருக்கின்றன.

காலத்தில் பின்னோக்கி என்ற பேச்சுக்கு பாசிட்ரானைக் கண்டுபிடித்த ஆண்டர்சன் 1932-இல் எடுத்த, துகளின் தடம் பதிந்த படத்தைப் பாருங்கள். காந்தப்புலத்தில் மேலிருந்து இறங்கும் எலெக்ட்ரானும் கீழிருந்து ஏறும் பாசிட்ரானும் ஒரே வளைவைத்தான் விட்டுச்செல்லும். அதனால் நடுவே 6 மி.மீ. ஈயத் தகடு வைத்திருந்தார். தகட்டுக்குக் கீழே 63, மேலே 23 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட். ஆற்றலை இழந்த பக்கம்தான் போன பக்கம், ஆக அது ஏறிய நேர்மின் துகள். பின்னோக்கி என்பது கணக்கில் அம்புக்குறி போடும் வசதி, அவ்வளவே.

தேர்வில், எதிர்மறைத் தீர்வையும் பாசிட்ரானையும் சமக்குறி போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆற்றல், உந்தம், தற்சுழற்சி மூன்றின் குறியையும் மாற்றியபின் கிடைப்பதுதான் பாசிட்ரான் என்று எழுதுங்கள். பலரும் மறப்பது தற்சுழற்சியை.