காயலான் கடை

கேள்வி: ராயபுரத்தில் ஒரு குடும்பமே கொலையாகி, முப்பது வருடமாகியும் குற்றவாளி சிக்காத கதையை நாவலாக எழுதியிருக்கிறேன். பத்திரிகைச் செய்தி, போலீஸ் வாக்குமூலம், வாட்ஸப் குரல் பதிவு, பால் கணக்கு நோட்டு என்று துண்டு துண்டாகவே போகும். நண்பர் படித்துவிட்டு, ‘இது நாவல் இல்லை, காயலான் கடை’ என்கிறார். கடைசியில் கொலைகாரன் யாரென்றாவது சொல்லிவிடட்டுமா?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நண்பர் அதை வசவாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பாராட்டு. காயல்பட்டினத்து வியாபாரிகள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். சின்ன வயதில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். மூட்டையைக் கொட்டியதும் கடைக்காரர் காந்தத்தை நீட்டுவார். ஒட்டினால் இரும்பு; அது தனியே போகும். ஒட்டாததை அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சிவந்தால் செம்பு. நசுங்கிய குண்டானாக இருந்தாலும், அதில் வெட்டியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தராசில் வைப்பார். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்து எடை போட்டு நான் பார்த்ததே இல்லை.

உங்கள் கையிலும் அந்த அரம் இருக்க வேண்டும். வடிவத்துக்காகக் கூச்சப்படாதீர்கள். 1936-இலேயே இங்கிலாந்தில் ஒரு கொலைக்கதையைக் கோப்பாகக் கட்டி, தந்தி, தலைமுடி, தீக்குச்சி வரை உள்ளே வைத்து விற்றார்கள். என் கவலையெல்லாம் குரலைப் பற்றியது. போலீஸ் விசாரணை வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது. வாங்கக்கூடாது என்பது சட்டம். எழுதுவது ஏட்டு. காசிமேட்டு மீன்காரம்மா “நான் எதியும் பாக்கல சார், என்ன வுட்ரு” என்று அழுதிருப்பார். காகிதத்தில் “நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்” என்று ஆரம்பிக்கும். அந்த அழுகை எங்கே போனது என்று வாசகர் தேட வேண்டும். ஏட்டும் மீன்காரம்மாவும் பத்திரிகை நிருபரும் ஒரே தமிழில் பேசினால், எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, நான் வருடக்கணக்காகச் சண்டை போடும் விஷயம். வடசென்னை என்றாலே அரிவாள், கஞ்சா, ரவுடி. இங்கே விடியற்காலை ஏலத்துக்கு ஓடுகிறவர்களும் அச்சகத்தில் கண் எரிய வேலை பார்க்கிறவர்களும் யார் கண்ணிலும் படுவதில்லை. செத்துப்போன அந்தக் குடும்பம் என்ன சமைத்தது, யாருக்குக் கடன் கொடுத்தது என்பதைச் சொல்லுங்கள். ரத்தம் ஒரு பக்கம் போதும்.

சரி, கொலைகாரன். 1952-இல் கொலையான சென்னை வியாபாரி ஆளவந்தாரின் உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது, தலை உங்கள் ராயபுரம் கடற்கரையில். துண்டுகள் சேர்ந்தன, வழக்கும் முடிந்தது. ஆனால் 1944-இல் வேப்பேரியில் குத்துப்பட்ட பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன்? அந்தக் கொலை வழக்கில் சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947-இல் விடுதலையாகி வந்தார்கள். குத்தியது யார் என்பது இன்றுவரை தெரியாது. உங்கள் கதையும் இந்த இரண்டாவது வகை. கடைசிப் பக்கத்தில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தாதீர்கள்.

அப்புறம் அந்தப் பால் கணக்கு நோட்டு. நீங்கள் சொன்னதிலேயே எனக்குத் தூக்கம் கெட்டது அதில்தான். கொலை நடந்த மறுநாள் விடியலில் பால்காரர் கதவைத் தட்டியிருப்பார். அந்தத் தேதிக்கு நேரே என்ன எழுதினார்? அரை லிட்டரா, வெறும் கோடா? அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.