கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதுமா?

கேள்வி:

ஐயா, நான் டி.பார்ம் (மருந்தியல் டிப்ளமோ) முடித்து, பார்மசிஸ்டாகப் பதிவும் செய்துகொண்டு, எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் மாதாமாதம் பிபி மாத்திரை வாங்கும் பெரியம்மா ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் முட்டிவலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையின் காலி அட்டையைக் கொண்டுவந்து, "இதே மாதிரி ஒண்ணு கொடும்மா" என்றார். கொடுத்தேன். தீர்ந்ததும் மறுபடி வந்திருக்கிறார். அப்போது நான் சாப்பிடப் போயிருந்தேன், கடைப் பையன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். சில நாளில் பெரியம்மாவுக்குக் கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறிவிட்டதாம். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அவர் மகள் கடைக்கு வந்து, "நீ என்ன டாக்டரா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து முதலாளி அண்ணாச்சி, "இனிமே யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாத. கேட்டதை எடுத்துக் கொடு, காசை வாங்கு. நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார். பேசாமல் இருப்பதுதான் சட்டப்படி எனக்குப் பாதுகாப்பா? என் மேல் கேஸ் வருமா?

– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்:

பெரியம்மா தேறி வந்துவிட்டார் என்பது நிம்மதி. அண்ணாச்சி சொல்வதற்கு வருவோம். நீங்கள் பேசியதால்தான் வம்பு வந்தது என்று அவர் நினைக்கிறார். உங்கள் கடிதத்தில் நீங்கள் பேசிய இடமே இல்லையே அம்மா! காலி அட்டையை வாங்கிப் பார்த்தீர்கள், புது அட்டையை எடுத்துக் கொடுத்தீர்கள், காசு வாங்கினீர்கள். அண்ணாச்சி இனிமேல் எப்படி நடக்கச் சொல்கிறாரோ, அன்றைக்கே நீங்கள் அப்படித்தான் நடந்திருக்கிறீர்கள். அதில் வந்த வினைதான் இது.

டைக்ளோஃபெனாக் ஷெட்யூல் எச் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதி இதைச் சொல்கிறது. ஊரில் எந்தக் கடையில்தான் சீட்டு கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மருந்து ஆய்வாளர் முன்னாலோ நுகர்வோர் ஆணையத்திலோ போய் நிற்கும்போது, ஊரே இப்படித்தான் செய்கிறது என்பது பதிலாக எடுபடாது. சீட்டில்லாமல் கொடுத்தது முதல் தப்பு.

இரண்டாவது, ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தது. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. பெரியம்மா உங்களிடம் வாங்கும் பிபி மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த மாத்திரையாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். டெல்மிசார்ட்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் இறக்குகிறது. இரண்டையும் தாங்கிக்கொண்டு வடிகட்டி ஓடுகிறது என்றால், உடம்பே சுரக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருப்பதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் புராஸ்டகிளாண்டின் சுரப்பைத்தான் அடைக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் விழுந்துவிடும். வயதானவர், வெயில் காலம், தண்ணீரும் சரியாகக் குடிக்காதவர் என்றால் ஒரு வாரத்திலேயே கிரியாட்டினின் ஏறலாம். டி.பார்ம் பாடத்தில் படித்ததுதான் இதெல்லாம். "பெரியம்மா, பிபி மாத்திரை தினமும் சாப்பிடுறீங்கள்ல? அப்போ இது உங்களுக்கு ஆகாது. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் வேணும்னா பாரசிட்டமால் தர்றேன்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அதில் சட்டத்தை மீறிய பேச்சு ஒன்றும் கிடையாது.

சொல்லப்போனால், பேசு என்றுதான் சட்டமே சொல்கிறது. இந்திய பார்மசி கவுன்சில் 2015-இல் கொண்டுவந்த பார்மசி பணி ஒழுங்குமுறைகளை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். சீட்டை வாங்கியதும் நோயாளியிடமோ அவரைப் பார்த்துக்கொள்பவரிடமோ பார்மசிஸ்ட் தானே பேச்சைத் தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. அவர்கள் கேட்டால் சொல்லலாம் என்று இல்லை. மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், எதோடு சேராது, எப்படி வைத்துக்கொள்வது, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் வரும். வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜும் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. எதிரில் நிற்பது கடைப் பையனா, படித்த ஆளா என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா?

அப்படியானால் எல்லை எங்கே? டாக்டர் எழுதிய மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்வது உங்கள் வேலை. இன்ன நோய் என்று நீங்களே முடிவு செய்து, அதற்கு ஷெட்யூல் மருந்தை எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை. ஓ.ஆர்.எஸ்., பாரசிட்டமால், புண்ணுக்குக் களிம்பு மாதிரி வீட்டு மருந்துகளுக்கு யோசனை சொல்லலாம். அதற்கும், எதை அனுப்பிவிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது வயது ஆள், வியர்த்துக் கொட்ட வந்து நின்று, "நெஞ்செரிச்சலா இருக்கு, ஜெலுசில் கொடுங்க" என்றால் ஜெலுசிலை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "பிள்ளைக்கு ஒன்றரை வயசு, சளி சிரப் கொடுங்க" என்று வருவார்கள். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமே சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் இறந்த சமயம் அது. அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததைக் கவுன்டரில் நிற்கிற யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது, சரி. ஆனால் வயதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இது வேண்டாம்மா, டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்ல முடியும்.

சீட்டு சரியாக இருக்கும்போதும் பேச்சு தேவை. மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். நம் ஆட்களுக்கு மாத்திரை என்றால் தினமும் காலை, ராத்திரி. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த வெள்ளணுக்கள் சரியும், உயிரே போகலாம். அட்டைமேல் மார்க்கர் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாகத் தமிழில் எழுதி, "எப்பம்மா சாப்பிடணும், நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்புங்கள். தைராய்டு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்குகிறவர்களிடமும் இதையே செய்யலாம். நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும் என்று அவர்களிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

சீட்டிலேயே ஏதோ இடிக்கிறது என்றால் நோயாளி முன்னால் "ஐயையோ, யார் இதை எழுதினது?" என்று கேட்காதீர்கள். நம் தொழில் நெறிமுறையில் இதற்கு ஓர் அழகான வரி உண்டு. சீட்டைப் பார்த்ததும் பார்மசிஸ்டின் முகத்தில் திகைப்போ வியப்போ தெரியக் கூடாதாம். முகபாவனைக்குக்கூட விதி போட்டிருக்கிறார்களே என்று படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள், எனக்கு அது நியாயமாகவே படுகிறது. உள்ளே போய் டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். மாற்றுவதாக இருந்தால் அவரே கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாம். 2020-இன் டெலிமெடிசின் வழிகாட்டுதல் அதை ஏற்கிறது. நீங்களாக மாற்றிவிடாதீர்கள். அந்த கம்பெனி இல்லை, இதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது என்று ஷெட்யூல் எச் மருந்தை மாற்றிக் கொடுப்பதையும் 65-ஆம் விதி தடுக்கிறது. ஏழை நோயாளிக்கு இது இடைஞ்சலான விதி என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் விதி இருக்கும்வரை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் கடையில் "காய்ச்சல், உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்கு செட் கொடுங்க" என்று கேட்டு வருபவர்களுக்கு மாத்திரையைப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறீர்களா? அப்படி என்றால் நாளைக்கே நிறுத்துங்கள். அந்தக் கவரில் ஒரு வலி மாத்திரையும், பல இடங்களில் டெக்சாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். பெயர் இல்லை, காலாவதி தேதி இல்லை. சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் எதைச் சாப்பிட்டார் என்று டாக்டருக்குச் சொல்லக்கூட வழி இருக்காது.

இனி, கேஸ் வருமா என்ற கேள்வி. வரலாம். பெரியம்மா குடும்பம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்தால், ஆய்வாளர் வந்து பில்லையும் சீட்டையும் கேட்பார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போக அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றை எடுத்துக் காட்டக்கூடும். மும்பையில் ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்தார். தனக்குத் தகுதியில்லாத முறையில் வைத்தியம் பார்த்ததே கவனக்குறைவுதான், தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். 3 லட்சம் ரூபாய் இழப்பீடு. பார்மசிஸ்ட் வழக்கு இல்லை அது, ஆனால் சீட்டில்லாமல் மருந்து கொடுத்தவர்மேலும் அந்த வாதத்தைத் திருப்பலாம். பையன் கொடுத்ததும் உங்கள் தலையில்தான் விழும், ஏனென்றால் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்றவரின் கையாலோ அவர் மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும். லைசென்ஸ்காரர் என்ற முறையில் அண்ணாச்சியும் தப்ப முடியாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள், காதில் விழும்.

அந்த நாளின் பில்லைத் திருத்தவோ, பின்தேதியிட்டுச் சீட்டு வாங்கி வைக்கவோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். நடந்ததை மருந்து பாதக விளைவாக இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள். பார்மசிஸ்டே தெரிவிக்கலாம். மகளிடமும் போய்ப் பேசுங்கள். மறுபடி சத்தம் போட்டாலும் பரவாயில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மாத்திரைகளைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, எந்தக் கடைக்குப் போனாலும் அதைக் காட்டச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அண்ணாச்சி இவ்வளவுக்குப் பிறகும் வாயை மூடு என்றால் வேறு கடை பாருங்கள். விலகும்போது ஒன்றை மறக்காதீர்கள். "சர்டிஃபிகேட் மட்டும் இங்கேயே இருக்கட்டும், மாசாமாசம் ஒரு தொகை தர்றேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சர்டிஃபிகேட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு, இன்ன தேதியிலிருந்து நான் அங்கே வேலையில் இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாத வரை, அந்தக் கடையில் யார் எதை விற்றாலும் ஆய்வாளர் தேடுவது உங்கள் பெயரைத்தான்.