வாசகர் கேள்வி: காத்தான்குடி பேங்க் கொள்ளையும் அம்மம்மாட காப்பும்

கேள்வி: ஐயா, எங்கட அம்மம்மாட றங்குப்பெட்டிக்குள்ள பழைய அடகு துண்டு ஒண்டு கிடந்திச்சு. மடிச்ச மடிப்பில கிழிஞ்சு போய், ரெண்டு காப்பு, ஒரு அட்டியல் எண்டு மட்டும்தான் வாசிக்கலாம். காத்தான்குடி பேங்க்க அடிச்ச நேரம் போன நகை எண்டு அம்மா சொல்றா. ஆர் செஞ்ச, என்ன நடந்ததெண்டு கொஞ்சம் சொல்லுவீங்களா?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, அது 1984ல நடந்தது. செஞ்சது தமிழீழ இராணுவம் எண்ட சின்ன இயக்கம், தலைவர் பனாகொட மகேஸ்வரன். 1983 யூலையில கொழும்பு வெலிக்கடை சிறையில 53 தமிழ்க் கைதிகள வெட்டியும் அடிச்சும் கொன்டாங்கதானே, அதில தப்பின ஆக்கள மட்டக்களப்பு சிறைக்குக் கொண்டுவந்து போட்டாங்க, செப்டெம்பர் 23 இரவு அவங்க சிறைய உடைச்சு வெளியேறினாங்க, அதில மகேஸ்வரனும் ஒராள். அடுத்த வருஷம்தான் இந்தக் கொள்ளை.

இதுக்கு முந்தி 1981 மார்ச் 25ல யாழ்ப்பாணம் நீர்வேலியில வேற இயக்கக்காரர் மக்கள் வங்கிக் காச வாகனத்த மறிச்சு எடுத்தாங்க, ரெண்டு பொலிஸ்காரர் செத்தாங்க. அது பேங்க்கிட காசு. காத்தான்குடியில போனதில கனக்க சனம் அடகு வெச்ச நகை, அதத்தான் நான் மறக்கமாட்டன்.

எங்கட பக்கம் வெள்ளாமைக்காரன் ஐப்பசி கார்த்திகையில உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் பொஞ்சாதிட காப்பக் கழட்டி அடகு வெப்பான், வெட்டி முடிஞ்சு நெல்லு வித்த கையோட வட்டியக் கட்டி மீட்பான், வருஷா வருஷம் அதே காப்புத்தான் போய்ப் போய் வரும். பேங்க் நகைட பெறுமதி முழுக்க கடனாத் தராது, ஒரு பங்குதான் தரும். அப்ப நகை போனா கடன் வாங்கின காசவிட கூடத்தான் அந்த மனுசிக்கு நட்டம். அதுவும் மட்டக்களப்பில வீடு வளவு நகை எல்லாம் பொம்புளப் பிள்ளைக்கெண்டு தாய்வழியா வாற சாமான், தமிழாக்களுக்கும் அப்பிடித்தான் காத்தான்குடி முஸ்லிம் ஆக்களுக்கும் அப்பிடித்தான். தாய்ட காப்பு மகளுக்கு, மகள்ட காப்பு பேத்திக்கு. விடுதலைக்கெண்டு சொல்லி அதில கை வெச்சது பிழை, அண்டைக்கும் பிழை இண்டைக்கும் பிழை, நான் அப்பிடித்தான் சொல்லுவன்.

அந்தத் துண்ட லெமினேட் பண்ணிப் போடாதீங்க, சூட்டில துண்டு பழுதாகலாம். தெளிவா படம் எடுத்துப்போட்டு, உறைக்குள்ள வெயில் படாம வையுங்க. அம்மாவ இருத்தி, அந்தக் காப்பு என்ன வேலைப்பாடு, ஆர் செஞ்சு குடுத்த, எத்தின பவுண் எண்டு கேட்டு போன்ல பதிஞ்சு வெச்சிருங்க, அவ இருக்கக்குள்ளயே.