“நீ போய்ட்டு வா” என்று சொன்ன நண்பன்

அன்புள்ள சார்,

போன மாதம் நானும் என் கல்லூரி நண்பனும் ஒரு மலை ஏறினோம். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அடிவாரத்தில் கிளம்பி, ஆறு மணிச் சூரிய உதயத்தை உச்சியில் பார்ப்பது என்று திட்டம். மொத்தம் 10 கிலோமீட்டர், 1200 மீட்டர் ஏற்றம். நான் தினமும் ஓடுகிறவன். அவனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை, ஆனால் ஆசை இருந்தது. நான் முன்னால் போய், வளைவுக்கு வளைவு அவனுக்காகக் காத்திருந்துதான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணிக்கு மேல் அவனுடைய பேக்கையும் நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். மூன்றரை மணிக்கு, முக்கால்வாசி ஏறிய பிறகு, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். “முடியலடா, நீ போய்ட்டு வா” என்றான். இரண்டு மூன்று முறை கேட்டேன். சிரித்துக்கொண்டே “போடா” என்றான். போனேன். ஐந்து மணிக்கெல்லாம் உச்சி. அப்படி ஒரு விடியலை நான் பார்த்ததே இல்லை. ஏழு மணிக்கு இறங்கி வந்தபோது அவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். அடிவாரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது போன் செய்தால் எடுக்கிறான், ‘ம்’, ‘சரி’, அதற்கு மேல் இல்லை. போகச் சொன்னவன் அவன்தானே சார்? நான் செய்தது தப்பா?

எம்.

அன்புள்ள எம்.,

தப்புதான். ஆனால் மூன்றரை மணிக்குச் செய்ததை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் எண்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் என்ற மலையேறி 1892ல் சொன்னது, இன்றும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பழகிய கால்கள், நல்ல பாதை, ஓய்வே எடுக்காத நடை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அதன்படி உங்கள் மலைக்கு நான்கு மணி நேரம். முக்கால்வாசிக்கு மூன்று. நீங்கள் அந்த முக்கால்வாசியை மூன்றரை மணி நேரத்தில் ஏறியிருக்கிறீர்கள், அதுவும் இருட்டில், பழக்கமில்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு. ஓய்வையும் இருட்டையும் கழித்துப் பார்த்தால் அது பழகிய கால்களின் வேகம். உங்கள் நண்பர் மூன்றரை மணிக்கு உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை, அதுவரை எப்படி நடந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

அப்புறம், வளைவுக்கு வளைவு காத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன? நீங்கள் முன்னால் போய் ஐந்து நிமிடம் நிற்கிறீர்கள், மூச்சு அடங்குகிறது, தண்ணீர் குடிக்கிறீர்கள், அவர் தள்ளாடி வந்து சேர்கிறார், நீங்கள் “போலாமா?” என்கிறீர்கள். உங்களுக்கு அது ஓய்வு முடிந்த நேரம், அவருக்கு ஓய்வு ஆரம்பிக்கவே இல்லை. இருவரில் யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைக்காமலே போய்விடுகிறது, இதில் இன்னொரு கொடுமை, காக்க வைத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் அவர் “போலாம்” என்றுதான் சொல்வார். மெதுவாக நடப்பவரை முன்னால் விடவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதனால்தான். அவர் வைக்கும் அடிதான் இருவருக்கும் வேகம், மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு. இரவில் இதில் ஒரு சின்னச் சிக்கல் வரும். பின்னால் வருகிறவரின் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் நிழல் அவர் காலடியிலேயே விழுந்து பாதையை மறைக்கும். விளக்கைக் கழற்றிக் கையில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டால் போதும். அப்படிப் பிடித்தால் கல்லின் நிழல் நன்றாகத் தெரியும், மேடு பள்ளம் புரியும், நெற்றியில் கட்டிய விளக்கில் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும்.

சரி, மூன்றரை மணிக்கு வருவோம். மீதி 300 மீட்டர் ஏற்றம். நீங்கள் ஐந்து மணிக்கு உச்சியில் இருந்தீர்கள், சூரியன் வந்தது ஆறு மணிக்கு. ஒரு மணி நேரம் மேலே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் கீழே அவரோடு உட்கார்ந்து செலவழித்திருக்கலாம். ஏதாவது சாப்பிட வைத்து, வியர்வையில் நனைந்த சட்டையை மாற்ற வைத்து, அரை மணி நேரம் கழித்து மெல்லக் கிளம்பியிருந்தால் இருவருமே ஆறு மணிக்கு மேலே நின்றிருக்க வாய்ப்புண்டு. அப்போதும் முடியவில்லை என்றால் இருவருமாக இறங்கியிருக்க வேண்டும். உங்கள் அவசரம் நேரத்தால் வந்ததல்ல. கால் சூடாக இருந்தது, நிற்க மனம் வரவில்லை. எனக்கும் அது தெரியும்.

நண்பர் உட்கார்ந்த நேரத்தையும் பாருங்கள். விடிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்புதான் மனித உடலின் வெப்பம் அன்றைய நாளிலேயே குறைவாக இருக்கும். மலையில் சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி குளிர்ச்சி கூடும், அடிவாரத்தில் சொக்காய் போதும் என்று தோன்றிய காற்று அந்தப் பாறையில் வேறு காற்று. நடக்கும்வரை தசைகள் சூடு கொடுக்கும். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அந்த வியர்வையே எதிரியாகிவிடும், பருத்திச் சட்டை என்றால் கேட்கவே வேண்டாம். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். அதற்கு வெகு முன்பே குளிரும் களைப்பும் சேர்ந்து ஆளை ஒரு மாதிரி ஆக்கிவிடும், எதிலும் அக்கறை இருக்காது, “என்னை விட்டுடு, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் ஒருவர் சொல்லும் ‘போ’வை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1916ல், அண்டார்டிகப் பயணத்தில் கப்பலை இழந்த ஷேக்கிள்டன், அவருடைய குழுவைச் சேர்ந்த வோர்ஸ்லி, கிரீன் என்று மூன்று பேர் உதவி தேடி, தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவின் மலைகளை 36 மணி நேரம் இரவும் பகலுமாக நடந்து கடந்தார்கள். ஓரிடத்தில் உட்கார்ந்ததும் ஷேக்கிள்டனைத் தவிர மற்ற இருவரும் தூங்கிவிட்டார்கள். மூன்று பேரும் தூங்கினால் எழுந்திருக்கப் போவதில்லை என்று ஷேக்கிள்டனுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தே நிமிடத்தில் அவர்களை எழுப்பி, அரை மணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்று பொய் சொன்னார். அவர்களும் அரை மணி நேரம் தூங்கியவர்களைப் போலவே எழுந்து நடந்தார்கள். எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். களைத்தவனிடம் ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்டு அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு அவர் நிற்கவில்லை.

நான் உங்கள் நண்பரின் இடத்தில் இருந்திருக்கிறேன். ஒருமுறை ஏறும்போது முட்டி பிடித்துக்கொண்டது, கூட வந்தவரிடம் நானும் இதையேதான் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான். அவர் போனார். அந்தச் சிரிப்பு எதற்கு என்றால், அழுதுவிடக் கூடாது என்பதற்கு. அவர் விளக்கு ஒரு திருப்பத்தில் மறைந்தது, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எங்காவது நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை, தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. அதன் பிறகு சருகு அசைந்தால் ஒரு கதை, கல் உருண்டால் ஒரு கதை. விளக்கை அணைத்தால் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்று படித்திருந்தேன், ஆனால் அணைக்கத் தைரியம் வரவில்லை, அணைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. அவர் இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். “மனசு கேக்கல” என்றார். அந்த இருபது நிமிடத்துக்கு நான் அவரை மன்னிக்கவே ஒரு வருடம் ஆனது. உங்கள் நண்பர் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். ‘ம்’, ‘சரி’ என்றாவது சொல்கிறாரே!

“நீதானே போகச் சொன்ன” என்று மட்டும் அவரிடம் போய் நிற்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் உதவாது. விடியலைப் பற்றியும் வாய் திறக்க வேண்டாம், எடுத்த போட்டோவைக் காட்டவும் வேண்டாம். நேரில் போய், அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது என்னவெல்லாம் நடந்தது என்று கேளுங்கள். திட்டுவார். திட்டட்டும், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள்.

அதற்கு முன் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். இரண்டு மணிக்கு அவருடைய பேக்கை வாங்கி நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். அவருடைய தண்ணீரும் ஸ்வெட்டரும் அதில்தானே இருந்திருக்கும்? மூன்றரை மணிக்கு அதை அவரிடம் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லையே.