ஏற்காடு விடுதிக் குறிப்பில் 'வாக்' என்பதற்கு மாற்றுச் சொற்கள்

வணக்கம். ஏற்காட்டில் தாங்கள் நடத்தும் விடுதிக்கான ஆங்கிலக் குறிப்பில் நடப்பதைக் குறிக்கும் 'வாக்' என்ற வினைச்சொல்லே திரும்பத் திரும்ப வருவதாகச் சொல்லி, மாற்றுச் சொற்கள் கேட்டிருந்தீர்கள். நடப்பவரின் வேகம், நோக்கம், களைப்பு ஆகியவற்றைப் பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாலையில் ஏரிக்கரையில் காலாற நடப்பதற்கு 'ஸ்ட்ரோல்' மிகவும் பொருந்தும். 'ஸாண்டர்' என்பதிலும் அதே நிதானம் உண்டு என்றாலும், எதையும் பொருட்படுத்தாத ஒரு மிடுக்கு அதில் சேர்ந்துவிடுவதால், தாமதமாக வந்தவர் அசட்டையாக உள்ளே நுழைவதைச் சொல்லவும் அது பயன்படுகிறது. விருந்தினரை அழைக்கும் குறிப்பில் நான் அதைத் தவிர்ப்பேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மனம்போன போக்கில் திரிவதற்கு 'வாண்டர்'. சேர்வராயன் கோயிலுக்கு மலையேறி நடப்பதற்கு 'ஹைக்'.

பகோடா பாயின்ட் என்ற காட்சிமுனையைப் பற்றிய வரியில் தாங்கள் எழுதியிருக்கும் 'ட்ரட்ஜ்' என்பதை மட்டும் அவசியம் நீக்கிவிடுங்கள். காப்பி மூட்டையைச் சுமந்துகொண்டு, மழைச்சேற்றில் புதையும் காலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்து, வேறு வழியின்றி நடக்கும் சலித்த நடைக்கு உரிய சொல் அது. அதைப் படிக்கும் விருந்தினர் அந்தப் பக்கமே போகமாட்டார்.

பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்கு நடக்கும் தூரத்தைச் சொல்லும் வரியில் 'வாக்' என்பதே இருக்கட்டும்.