அப்பாவின் ஆன்மாவும் அத்தையின் சொல்லும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

மதுரை புதூரில் வசிக்கும் கத்தோலிக்கப் பெண் நான். ஜூலை மாதம் என் அப்பா மாரடைப்பால் காலமானார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்ஸிஜன் முகமூடியுடன் நினைவோடு இருந்தபோது, பங்குச் சாமியாரை அழைத்து நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல் (அவஸ்தைபூசுதல்) கொடுக்கலாம் என்றேன். சாமியாரைக் கண்டால் அப்பா தைரியம் இழந்துவிடுவார் என்று அண்ணன் தடுத்தார்; நானும் வற்புறுத்தவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா பூசைக்கும், சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போவதை விட்டிருந்தார். அடக்கத்தன்று அத்தை, "அவஸ்தைபூசுதல் இல்லாம அனுப்பிட்டீங்களே, அவன் ஆன்மா எங்க கிடந்து வேகுதோ" என்றார். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்த என் மாமியாரோ, மரித்தவருக்காக ஜெபித்துப் பயனில்லை என்கிறார். நள்ளிரவில் விழித்து ஜெபமாலை சொல்கிறேன். ஒரு மணி தவறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறேன். கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. அப்பா நரகத்திலா இருக்கிறார்?

— வாசகி, மதுரை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நானோ பங்குச் சாமியாரோ விடை சொல்ல இயலாது. அத்தைக்கும் அந்த அதிகாரம் இல்லை. திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறதே தவிர, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று எவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை.

இறந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை எனும் தீர்ப்பு, உலக முடிவில் எல்லாருக்கும் பொதுத்தீர்வை என்று ஞானோபதேசத்தில் (மறைக்கல்வியில்) படித்திருப்பீர்கள். கடவுள்மேல் கொண்ட அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம், அதாவது பாவத்துக்கான முழு மனவருத்தம், இயன்றவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு சேர்ந்திருந்தால், சாவான பாவம் எனும் கனமான பாவத்துக்கும் மன்னிப்புப் பெற்றுத்தரும் என்பதும் அதே போதனைதான். முகமூடிக்குள் உங்கள் அப்பா கடவுளிடம் என்ன பேசினார் என்பது வெளியே நின்ற எவருக்கும் தெரியாது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சியில், பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, நோயுற்றவனைப் பார்க்க வந்தாயா என்பதைக் கொண்டே மானிடமகன் மக்களைப் பிரிக்கிறார். (பூசைக்குப் போக வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்; சாமியார் என்னைக் கோபிப்பார்.)

மாமியாரின் சொல்லில் வன்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போரில் மடிந்த வீரர்களுக்காக யூதா மக்கபே பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்ததைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூல் கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிறது. மாமியார் கையிலுள்ள வேதாகமத்தில் இல்லை. "ஒரே தரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்ற எபிரேயர் 9:27 வசனத்தின் மேல் நிற்கும் அவருக்கு, இறந்தவர்கள் விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலமும் அங்குள்ள ஆன்மாக்களுக்கான செபமும் வேதத்துக்குப் புறம்பானவை. ஆனால் அவரும் உங்கள் அப்பா நரகத்துக்குப் போனார் என்று சொல்லவில்லையே. இந்த விவாதத்தை வீட்டில் தொடராதீர்கள்.

எனக்குக் கவலை தருவது ஜெபமாலைதான். முதலில் அது அப்பாவுக்காக இருந்திருக்கும். இப்போது உங்கள் பயத்தை ஆற்றுவதற்காக நடக்கிறது, அதனால்தான் எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. இனி மாலையில் ஒரே முறை, கணவரோ பிள்ளைகளோ உடனிருக்கச் சொல்லுங்கள். மணி தவறினால் தவறிய இடத்திலிருந்தே தொடருங்கள். முதல் சில நாட்கள் நெஞ்சு படபடக்கும், பொறுத்துக்கொண்டால் தணியும். நள்ளிரவில் விழிப்பு வந்தால் ஜெபமாலையை எடுக்க வேண்டாம். மருத்துவமனையில் அண்ணனும் நீங்களும் எடுத்த முடிவு, அப்பா பயப்படக் கூடாது என்ற பாசத்தில் எடுத்தது. சாமியாரிடம் இதைப் பாவமாக எண்ணித் திரும்பத் திரும்ப அறிக்கையிடாமல், ஒருமுறை உட்கார்ந்து பேசி, அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், அண்ணனையும் அழையுங்கள். மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகும் தூக்கம் திரும்பாவிட்டால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இந்த ஜெபமாலை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.