பாரம் தூக்கினால் டெஸ்டோஸ்டிரோன் கூடி உதைபந்தாட்டத்தில் வேகம் வருமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 19, கொழும்பில் ஒரு கழகத்துக்கு விங்கில், அதாவது மைதானத்தின் ஓரப் பக்கத்தில், விளையாடுகிறார். பாரம் தூக்கினால் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஓமோன் கூடுமா, கூடினால் ஓட்டம் கூடுமா, இல்லாவிட்டால் உடம்பு கனத்து உள்ள வேகமும் போய்விடுமா, ஓமோனைக் கூட்டும் என்று ஜிம்மில் சொல்கிற 'பூஸ்டர்' குளிசை வாங்கலாமா என்று நாலு கேள்வியை ஒன்றாகப் போட்டிருக்கிறார். நான் இங்கே கழக அணிகளுக்கு உடற்தகுதிப் பயிற்சி கொடுக்கிறவன். கிட்டத்தட்ட எல்லாப் பொடியன்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

வேகம் வரும். ஆனால் ஓமோன் கூடுவதால் வருவதில்லை.

கனமான ஸ்குவாட், அதாவது தோளில் பாரத்தை வைத்து உட்கார்ந்து எழும்புவது, செய்து முடித்த கையோடு இரத்தம் எடுத்துப் பார்த்தால் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஓமோனும் ஏறித்தான் இருக்கும். யூடியூப்காரர் காட்டுகிற வரைபடம் அதுதான். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடுவதை அவர் காட்டமாட்டார். மாதக்கணக்கில் பயிற்சி செய்தாலும் ஓய்வாக இருக்கும்போது எடுக்கிற அளவு பெரிதாக மாறுவதில்லை. அந்தக் கொஞ்ச நேர ஏற்றத்தால் தசை வளருமா என்பதையும் கனடாவில் சோதித்திருக்கிறார்கள். ஒரே ஆளின் ஒரு கையைத் தனியாகவும், மற்றக் கையைக் கனமான கால் பயிற்சியோடு சேர்த்து, அதாவது உடம்பில் ஓமோன் ஏறியிருக்கும் நேரத்திலும், 15 கிழமை பயிற்றுவித்தார்கள். இரண்டு கையும் ஒரே அளவுதான் வளர்ந்தன. பெண்களைப் பாருங்கள். அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் ஆண்களில் பத்தில் ஒரு பங்கும் வராது. பயிற்சி கொடுத்தால் தங்கள் தொடக்க வலிமையிலிருந்து அவர்களும் அதே வீதத்தில்தான் முன்னேறுகிறார்கள்.

பிறகு வேகம் எங்கிருந்து வருகிறது? முதல் சில கிழமைகளில் பெரும்பாலும் நரம்பிலிருந்து. மூளை ஒரே நேரத்தில் கூடுதலான தசை நார்களை இயக்கப் பழகுகிறது, அதுவும் சட்டென்று. தசை தடிப்பது, தசைநாண் இறுகுவது எல்லாம் பிறகு மெதுவாக நடக்கும். உங்கள் ஆட்டத்துக்கு வேண்டியதும் அந்த 'சட்டென்று'தான். மேல்மட்ட வீரர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடினாலும், ஆட்டத்தைத் தீர்மானிப்பது ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிற இரண்டு, நாலு செக்கன் பாய்ச்சல்கள். ஜேர்மனியின் முதல்தர உதைபந்தாட்டத் தொடரான பண்டஸ்லீகாவின் 2007/08 பருவத்தில் 360 கோல்களை எடுத்துப் பார்த்தபோது, 45 வீதமானவற்றில் கோல் போட்டவர் அதற்குச் சற்று முன் நேர்கோட்டில் பாய்ந்திருந்தார். நோர்வேயின் ரோசன்போர்க் கழக வீரர்கள் 17 பேரை வைத்துச் செய்த 2004ஆம் ஆண்டு ஆய்விலும், ஸ்குவாட்டில் கூடுதல் பாரம் தூக்கியவர்களே 10 மீற்றரை வேகமாக ஓடினார்கள், உயரமாகவும் குதித்தார்கள். ஸ்குவாட்தான் வேகத்துக்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் 'பாரம் தூக்கினால் காலில் இரும்பு கட்டிய மாதிரி ஆகிவிடும்' என்கிற பழைய கோச்மாரின் கதையை மறுக்க இது போதும். உடம்பு கனப்பது நெஞ்சுக்கும் கைக்கும் 10, 12 தடவை பாரம் தூக்கி, ஓட்டத்தைக் குறைக்கிறவர்களுக்கு. கூடிய பாரத்தில் 4, 5 தடவை மட்டும் செய்து, நன்றாக ஓய்வெடுத்து, அப்புறம் குதிப்புப் பயிற்சி செய்கிறவருக்கு நிறை அவ்வளவு ஏறாது.

அப்படியென்றால் ஓமோனைப் பார்ப்பதே வீணா? களைப்பை அளக்க அது உதவும். பருவம் முழுக்கப் போதிய ஓய்வில்லாமல் விளையாடினால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கி, உடம்பு நெருக்கடியில் சுரக்கிற கோர்ட்டிசோல் என்கிற ஓமோன் ஏறலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக அணியொன்றை 11 கிழமைப் பருவம் முழுக்கப் பின்தொடர்ந்தபோது, அவர்கள் பருவத்துக்குள் வரும்போதே அந்த நிலையில்தான் வந்தார்கள் என்று தெரிந்தது. முதல் பதினொருவரில் இருந்தவர்களின் பாய்ச்சலும் குதிப்பும் போகப் போகக் குறைந்தன.

ஆனால் ஒரு லாப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பதறாதீர்கள். ஒரு பொடியன் இரண்டு ரிப்போர்ட்டைப் ஃபோனில் கொண்டுவந்து, 'அண்ணா, உங்கட ட்ரெயினிங் செய்து எனக்கு இறங்கிப் போச்சு' என்றான். முதலாவது வெறும் வயிற்றில் காலை ஏழரைக்கு எடுத்தது. மற்றது பிராக்டிஸ் முடிந்து, வியர்வையோடு பின்னேரம் ஆறரைக்கு. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சம், பின்னேரம் எல்லோருக்கும் இறங்கும். திரும்ப ஒரு காலையில் எடுக்கச் சொன்னேன், பழைய அளவுதான் வந்தது. ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த காசுதான் நட்டம்.

உண்மையில் ஓமோனைக் குறைப்பது நித்திரையும் சாப்பாடும். இளம் ஆண்களை ஒரு கிழமை 5 மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டபோது, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் விழுந்தது. வத்தளையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்து, இரவு வெளிச்சத்தில் பிராக்டிஸ் முடித்து, பதினொன்றுக்கு வீடு போய், விடிய ஐந்துக்கு எழும்புகிறவனுக்கு எந்தக் குளிசை உதவும்? பகல் முழுக்க ஒரு பிளேன்டீ, ஒரு பணிஸ், அதற்கு மேல் 8 கிலோமீற்றர் ஓட்டம். இந்த உடம்பு முதலில் சிக்கனம் பிடிக்கிற இடங்களில் ஒன்று அந்த ஓமோன்தான்.

குளிசை விஷயத்துக்கு வருவோம். போத்தலின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அனேகமாக ட்ரிபுலஸ் என்று இருக்கும். நம்முடைய நெருஞ்சிதான். அவுஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்களுக்கு 5 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் போலிக் குளிசை எடுத்தவர்களைவிட வலிமையும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. அதைவிட மோசம் லேபிளில் எழுதாதது. ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்டுகளைச் சோதித்தபோது 94இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் 'கடைக்காரர் சொன்னார்' என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி என்ன செய்வது? பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு இரண்டு மாதம், கிழமைக்கு இரண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் (நிலத்திலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது), ஒற்றைக்கால் பயிற்சி. முதலில் ஆள் பார்த்துத் திருத்துகிற இடத்தில் பழகுங்கள், பாரம் பிறகு ஏறட்டும். பருவம் தொடங்கியபின் கிழமைக்கு ஒரு நாள் போதும். நோர்வேத் தொழில்முறை வீரர்களில் கிழமைக்கு ஒருமுறை செய்தவர்கள் வலிமையையும் 40 மீற்றர் வேகத்தையும் தக்கவைத்தார்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்தவர்கள் இழந்தார்கள். முழங்காலில் நின்று, கூட்டாளி கணுக்காலைப் பிடிக்க, முன்னால் மெதுவாகச் சரிகிற நோர்டிக் பயிற்சியையும் சேருங்கள். தொடையின் பின்தசை கிழிவதை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும், விங்கருக்கு அதிகம் கிழிவதும் அதுதான். முதல் கிழமை மாடிப்படி இறங்கும்போது நோகும். அதனால் மட்ச் ஞாயிறு என்றால் செவ்வாய் அல்லது புதன் செய்யுங்கள், வெள்ளி வேண்டாம்.